விருந்தாளிக்கு விட்ட இடம்

போன கிழமை கௌசல்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக நான் இருந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். கடன் தரும் வங்கியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நெடுந்தீவுப் படகைப் பார்க்கப் போகிறார்கள், பின்னேரப் படகைத் தொடர்ந்து ஓட விடுவதா நிறுத்துவதா என்று இந்த முறை தீர்மானிப்பார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், நல்ல செய்தி சொல்லும் குரலில், "தீவுச் சனம் நல்ல ஒத்துழைப்பு அக்கா. என்ன நாள், எத்தினை மணி எண்டு கேட்டவை. அண்டைக்குப் படகை விட்டுத் தருவினமாம்" என்றாள்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"சவிரிமுத்து அண்ணை."

"திரும்பவுமோ?" என்று நான் கேட்டதும் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. "ஏன் அக்கா? போன முறை நீங்கள்தானே போனனீங்கள். என்ன நடந்தது எண்டு எழுதித் தாங்கோவன்" என்றாள். எழுதுகிறேன். அவளுக்காகத்தான் எழுதத் தொடங்கினேன், ஆனால் அந்தக் கதிரையில் இனி வந்து இருக்கப்போகிறவர்களும் படித்தால் நல்லது.

நான் நாரந்தனையில் பிறந்தவள். ஆங்கிலம் பாதி பள்ளிக்கூடத்தில் வந்தது, மீதி இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரணம் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரருக்குப் பின்னால் ஓடித் திரிந்ததில் வந்தது. பிறகு சோதனை எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் நியமனம் கிடைத்தது, திட்டமிடல் பகுதியில் கொண்டுபோய் இருத்தினார்கள். தலை நரைக்கும்வரை அங்கேதான். என் படிப்புக் கதையில் இதற்குமேல் ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக் கடன் என்றால் பத்திரிகை படிப்பவர்களுக்குக் கொழும்பில் இரண்டு பேர் கைகுலுக்கும் படம். எங்களுக்கு அது அலுவலக வாசலில் வந்து நிற்கும் ஒரு வெள்ளை வான். வானிலிருந்து தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக நாலைந்து பேர் இறங்குவார்கள். முதல் நாள் அலுவலகத்தில் மரியாதைக்கு ஒரு சந்திப்பு. அதன் பிறகு ஊருக்குள் போய்ச் சனத்திடம் கேள்வி. கடைசி நாள் முடிவுக் கூட்டம். அங்கே தாங்கள் கண்டதையும் கேட்டதையும் ஒரு குறிப்பாக வாசிப்பார்கள், எங்கள் பக்கம் கையெழுத்து வைக்கும். அந்தக் குறிப்பில் ஒரு வரி ஏறினால் சில மாதத்தில் அது கொழும்பில் சுற்றறிக்கையாகும். அதற்குப் பிறகு எங்கோ ஒரு தீவில் ஏதோ ஒன்று ஓடும், அல்லது நிற்கும். காசும் நிபந்தனையும் ஒரே வானில்தான் வரும், ஒன்றை இறக்கிவிட்டு மற்றதைத் திருப்பியனுப்ப வழியில்லை.

அந்தக் கடனை வட்டியோடு கட்டப்போகிற சனத்தைத்தான் நாங்கள் தாள்களில் பயனாளிகள் என்று எழுதுவோம். நானும் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் எரிச்சல் வரும், என்றாலும் வேறு சொல் வைக்க எனக்கு அதிகாரமில்லை.

எங்கள் பணிப்பாளர் குரல் உயர்த்தாத மனிதர். கோபமோ பயமோ வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் துடைப்பார், துடைத்துவிட்டுப் போடாமல் கையிலேயே வைத்திருப்பார். கண்ணாடி கையில் இருக்கும்வரை அந்த அறையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை முன்னால் இருத்தி ஒரேயொரு பாடம் சொன்னார்.

"சுகந்தி, நீர் ஒரு குழாய். இந்தப் பக்கம் ஊத்தினது அப்பிடியே அந்தப் பக்கம் வரவேணும். குழாய் குடிக்கிறேல்லை. குழாய் சீனி போடுறதுமில்லை. சொன்னதெல்லாத்தையும் சொல்லும். சொல்லாத ஒண்டையும் சொல்லாதையும்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் புங்குடுதீவு ஆள், நல்ல மனிதர். தன் ஊர்ப் பாதைக்குக் கடன் கேட்டு வங்கிக்காரரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஊர்க்காரர் ஒருவர், "றோட்டு மோசம்" என்று இரண்டு சொல்லோடு நிறுத்த, இவர் ஆங்கிலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிள்ளைத்தாச்சிகள், மழைக்காலம் என்று தன் பாட்டில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவர் மலேசியத் தமிழர். காலையிலிருந்து வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர். முடிவுக் கூட்டத்துக் குறிப்பில், சனத்தின் வாயில் சொல் ஊட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி வந்தது. பாதைக் காசு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அவரை இடம் மாற்றினார்கள். அந்தப் பாதை அவர் ஓய்வு பெற்றபின்தான் போடப்பட்டது. அதனால் எங்கள் அலுவலகத்தில் குழாய் என்பது பகிடிக் கதையில்லை.

இனி நெடுந்தீவுக் கதைக்கு வருகிறேன்.

நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கையில் காசில்லாமல் போனபின் அரசாங்கம் எங்கெல்லாம் கடன் கிடைக்குமோ அங்கெல்லாம் போனது. தந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நட்டத்தில் ஓடுவது எது? அந்தக் கேள்வி மேலேயிருந்து கீழே இறங்கி, கடைசியில் யாழ்ப்பாணப் பக்கத்துக் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடும் அரச படகில் வந்து நின்றது. எண்ணெய் அரசாங்கத்தின் செலவு, சனம் கொடுக்கும் கட்டணம் பேருக்கு. காலையில் ஒரு போக்குவரத்து, பின்னேரம் ஒன்று. தாளில் பார்த்தால் சுத்த நட்டம். வங்கி ஒரு யோசனையோடு வந்தது. இறங்குதுறையைத் திருத்தலாம், புதுப் படகும் வாங்கலாம், கடன் தருகிறோம். ஆனால் பின்னேர ஓட்டம் அவசியந்தானா என்று முதலில் வந்து பார்க்க வேண்டும்.

அவசியமா என்று சவிரிமுத்து அண்ணையைக் கேட்டிருந்தால் போதும். அவர் நெடுந்தீவில் மாடு வளர்ப்பவர், படகுப் பயணிகள் சங்கத்தின் தலைவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் காலைப் படகில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு பின்னேரப் படகில் வீடு திரும்புவார். யாழ்ப்பாணத்தில் தங்க அவருக்கு ஒருவருமில்லை. பின்னேரப் படகு நின்றால் மாடுகளை விற்றுவிட்டு டவுனில் ஏதாவது ஓர் அறையில் போய்க் கிடக்க வேண்டும், அல்லது மெஷினை மறந்துவிட்டு ஊரிலேயே கிடக்க வேண்டும். மறந்தால் எத்தனை நாளைக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வங்கிக்காரர் வருவதற்கு முன் ஒழுங்குகள் பார்க்க நான் தீவுக்குப் போயிருந்தேன். "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் பிள்ளை. ஒரு குறையும் வராமப் பாத்துக்கொள்ளுவன்" என்றார் அவர். தேத்தண்ணி, சாப்பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குறிகட்டுவானில் போய் இறங்கினோம். வங்கிக் குழுவின் தலைவி எலேனா என்ற பெண், பொருளியல் படித்தவர், அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்க்கும் ரகம். அவரோடு ஓர் இளம் உத்தியோகத்தர். அவன் கையில், பெருவிரலால் அமத்தினால் டிக் என்று ஓர் ஆளைக் கணக்கில் சேர்க்கும் சின்னக் கருவி இருந்தது. எங்கள் பணிப்பாளர் தொப்பியில்லாமல் வெயிலில் நின்றார்.

நெடுந்தீவிலிருந்து காலைப் படகு வந்தது. மற்ற நாட்களில் அந்தப் படகு கரை தட்டுமுன்பே சனம் பாயத் தொடங்கும். பால் கான், கோழிக்கூடு, கூரையில் சைக்கிள், நோயாளி, வழக்குக்குக் கோட்டுக்குப் போகிறவன், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து கொட்டும். அன்றைக்கு வந்த படகில் படகோட்டியும் அவனுடைய உதவியாளும் மட்டுந்தான். தளம் கழுவிப் பளிச்சென்றிருந்தது. நடுவில் வெள்ளைச் சீலை போர்த்திய கதிரைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

இந்தப் பக்கத்தில் தீவுக்குப் போகக் காத்திருந்த சனம் ஏறவேயில்லை. ஒதுங்கி நின்று, "நீங்கள் போங்கோ, நாங்கள் பின்னேரம் வாறம்" என்று சிரித்துக்கொண்டு கை காட்டினார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் சிலர் மட்டும் ஏறி ஒரு மூலையில் ஒடுங்கி நின்றார்கள். அந்தக் கருவி டிக் டிக் என்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது.

நான் படகோட்டிக்குக் கிட்டப் போனேன். "எங்க தம்பி சனம்?"

அவன் முகம் முழுக்கப் பெருமை. "எல்லாம் ஒழுங்கு அக்கா. கோயில்லயும் சேர்ச்சிலயும் அறிவிச்சது. இண்டைக்கு ஒருத்தரும் ஏறுறேல்லை. சனம் ஏறினால் சாணமும் சேறும் படும், பேந்து கழுவ நேரமில்லை. விருந்தாளியள் வாற படகெல்லோ."

பணிப்பாளரிடம் போய் மெல்லச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப வாய் திறக்காதையும்" என்றார். "நாங்கள் சொன்னால் எங்கட சோடிப்பு எண்டுவினம். புங்குடுதீவுதான் திரும்ப நடக்கும். பின்னேரப் படகு மட்டுமில்லை, இறங்குதுறையும் போகும்."

"அப்ப, சேர்?"

"கூட்டத்தில சனம் தன்ர வாயால சொல்லட்டும்."

ஒரு மணித்தியாலப் பயணம். சோளகக் காற்று எழும்பியிருந்த காலம், படகு நன்றாக ஆடியது. எலேனா வெறும் கதிரைகளைப் பார்ப்பார், எழுதுவார், திரும்பவும் பார்ப்பார். படகின் குலுக்கத்தைவிட அந்தப் பேனாவுக்குத்தான் நான் கூடப் பயந்தேன்.

கூட்டம் கரைக்குக் கிட்டச் சங்க மண்டபத்தில் நடந்தது. ஊரே நல்ல உடுப்போடு வந்திருந்தது. சவிரிமுத்து அண்ணை வெள்ளைச் சேட்டும் புதுச் சாரமுமாக வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்று செவ்வாய்.

"அண்ணை, நீங்கள் இண்டைக்குப் போகேல்லையோ?"

"வீட்டுக்காரன் இல்லாமல் விருந்தாளியை ஆர் கூப்பிடுறது? ஒருக்காப் பிந்தினால் என்ன பிள்ளை, வெள்ளிக்கிழமை போவன்" என்றார். பிறகு எல்லோருக்கும் சோடா வந்தது. வைத்தியர் அவருக்குத் தண்ணீரையே அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார். விருந்தாளி குடிக்கும்போது தான் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று அவரும் ஒரு போத்தலை முழுதாகக் குடித்தார். அவருடைய மனைவி செசிலியா அக்கா தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கு வாய் திறக்க ஏலாது, எனக்கும் ஏலாது.

எலேனா நேரே விஷயத்துக்கு வந்தார். வழமையான நாளிலும் படகு இன்றுபோலத்தான் இருக்குமா? நான் தமிழில் கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஆனால் 'வழமையான நாளில்' என்ற இடத்தில் என்னால் முடிந்த மட்டும் நிறுத்திச் சொன்னேன்.

சவிரிமுத்து அண்ணை படகோட்டியை ஒருதரம் பார்த்தார். அனுமதித்ததற்கு மேலே ஆள் ஏற்றுகிறான் என்று தெரிந்தால் அவன் வேலை போய்விடும்.

"ஓம். இப்பிடித்தான். அளவோடதான் ஏத்துவினம்" என்றார்.

இப்போதுள்ள சேவை உங்களுக்குப் போதுமா?

"எங்களுக்கு ஒரு குறையுமில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய உபகாரம்."

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. பின்னேரப் படகைக் குறைத்தால் கஷ்டமா என்று மூன்றாவதாகக் கேட்டார். அண்ணை சிரித்தார். "உங்களுக்கு எது வசதியோ அப்பிடிச் செய்யுங்கோ. நாங்கள் சமாளிப்பம்."

மூன்றையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோபோல் கேட்டது. சனம் தன் வாயால் சொல்லிவிட்டது. பணிப்பாளர் கண்ணாடி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மண்டபத்திலிருந்த எல்லார்மேலும் கோபம் வந்தது, அதிலும் அந்தச் சிரிப்பின்மேல் மகா கோபம்.

திரும்பும் நேரம் வந்தது. விருந்தாளிகளை வழியனுப்ப இறங்குதுறைவரை நடந்து வந்த சவிரிமுத்து அண்ணை பாதி வழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். மூச்சு இழுத்தது. சாய்ந்து படுக்க வைத்தால் இன்னும் மோசமானது. நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று செசிலியா அக்காவுக்குத் தெரிந்திருந்தது, இதற்கு முன்னும் ஒருதரம் பார்த்திருந்தா. "படகில ஏத்துங்கோ, கெதியா ஏத்துங்கோ" என்றா.

"விருந்தாளியளின்ர படகில எப்பிடி" என்று அவர் இழுப்புக்கு இடையில் சொன்னார். நாலு பேர் அவரைத் தூக்கிக் கொண்டுவந்து வெள்ளைச் சீலைக் கதிரையில் இருத்தினார்கள். பணிப்பாளர் ஏறமுன்பே குறிகட்டுவானுக்கு அம்புலன்ஸ் வரச் சொல்லி அறிவித்துவிட்டார். படகு வெளிக்கிட்டது.

நடுக்கடலில் அலை கூடிவிட்டது. அண்ணை முன்னுக்குக் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்தார். உதடு கறுத்திருந்தது. எலேனா தன் இடத்திலிருந்து எழும்பி வந்து அவருக்கு முன்னால் தளத்தில் இருந்தார். என்ன வருத்தம் என்று கேட்டார். செசிலியா அக்கா சொன்னா, நான் சொன்னேன். கடைசியாக எப்போது மெஷினில் போட்டது? போன வெள்ளி. அடுத்தது எப்போது? இன்றைக்குக் காலை.

எலேனா அவரையே பார்த்துக் கேட்டார்: ஏன் போகவில்லை?

நான் அதைத் தமிழில் கேட்டேன். அவர் தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"இவையள் வாற படகு. ஊத்தையாக்கக் கூடாது எண்டு ஒருத்தரும் ஏறேல்லை. நானே ஏறினால் சனம் என்ன சொல்லும்? வரவேற்கவும் ஒராள் வேணும்." மூச்சு வாங்கினார். பிறகு என் கையைப் பிடித்தார். "இதைச் சொல்லாதையும் பிள்ளை. அவையின்ர மனம் நோகும்."

நான் பணிப்பாளரைப் பார்த்தேன். கண்ணாடி கையில். அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். சொல்லும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சொன்னதெல்லாவற்றையும் சொல்லு, சொல்லாத ஒன்றையும் சொல்லாதே. அன்று காலையிலிருந்து அந்தப் பாடம் என் வாயைக் கட்டி வைத்திருந்தது. இப்போது அதே பாடம் கட்டை அவிழ்த்தது, ஏனென்றால் இந்த மனிதர் சொல்லிவிட்டார். எலேனா கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. அதை நான் விழுங்கினால்தான் பிழை.

சொன்னேன். ஊத்தையாக்கக் கூடாது என்றதை, ஒருத்தரும் ஏறவில்லை என்றதை, வரவேற்க ஆள் வேணும் என்றதை. கடைசியில், இதைச் சொல்லாதே, அவர்கள் மனம் நோகும் என்றதையும் சொன்னேன். அதையும் அவர் சொல்லியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் விளங்காது, ஆனால் நான் நிறுத்தாமல் பேசுவதைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். என் கையை விட்டுவிட்டார்.

எலேனாவின் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு, ஒருத்தரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டார். அண்ணையால் பேச முடியவில்லை. செசிலியா அக்காதான் சொன்னா: "ஊர் முழுக்க இண்டைக்கு வீட்டிலதான் கிடந்தது."

அதையும் சொன்னேன்.

குறிகட்டுவான் தெரிந்தது. இறங்குதுறை நிறையச் சனம். காலையில் வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்கள், நாளைக்குப் படகில் ஏற முடியாது என்று முதல்நாளே போய் யாழ்ப்பாணத்தில் தங்கியவர்கள், எல்லாரும் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். படகு அணைந்ததும் ஒரு சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். சவிரிமுத்து அண்ணையை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். செசிலியா அக்கா செருப்பைப் படகிலேயே விட்டுவிட்டு ஏறினா.

வான் காத்துக்கொண்டிருந்தது. எலேனா ஏறவில்லை. இறங்குதுறையிலேயே நின்றார். விருந்தாளிகள் இறங்கிவிட்டார்கள் என்றதும் சனம் தன் வழமைக்கு வந்து, தள்ளுப்பட்டு ஏறத் தொடங்கியது. அந்த இளைஞன் ஒன்றும் கேட்காமல் கருவியை எடுத்தான். டிக் டிக் என்று அது நிற்காமல் அடித்தது. ஆட்கள், சிலிண்டர், அரிசி மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி, திரும்ப ஆட்கள். படகு தாழ்ந்துகொண்டே போனது. எனக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், மறு கண்ணில் பயம். படகோட்டி என்னைப் பார்த்த பார்வையை எனக்கு இன்றைக்கும் மறக்க ஏலாது.

முடிவுக் கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டது. பின்னேர ஓட்டத்தை மறு ஆய்வுவரை நிறுத்தக் கூடாது. அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. எண்ணெய்ச் செலவில் ஒரு பங்கு வரும்வரை கட்டணத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். மூன்றும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில். படகோட்டியின் வேலை தப்பியது, ஆனால் இன்றைக்கும் கூட்டமான நாட்களில் சிலர் கரையில் விடப்பட்டுத் திரும்பிப் போகிறார்கள். கூடின கட்டணம் கொடுக்க வழியில்லாத கிழவிகள் யாழ்ப்பாணம் போவதை நிறுத்திவிட்டார்கள். படகைக் காப்பாற்றினோம் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் கைதட்டவும் மாட்டேன்.

வெளியே வந்ததும் பணிப்பாளர், "குழாய் சரியா வேலை செய்தது" என்றார். என் சேவைக் காலத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான். அப்போதும் கண்ணாடி கையில்தான் இருந்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சவிரிமுத்து அண்ணை தப்பிவிட்டார், கட்டிலில் எழும்பி இருந்தார். என்னைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

"கூட்டுறவுச் சங்கத்தில கடன் எடுக்கப் போகேக்கை நான் நல்ல சேட்டுப் போட்டுத்தான் போறனான்" என்றார் சுவரைப் பார்த்து. "இல்லாதவன் எண்டு காட்டினால் ஒருத்தனும் தரான். திருப்பித் தரக்கூடியவன் எண்டு காட்டவேணும். நான் ஊரை அப்பிடிக் காட்டினனான். நீர் அவையின்ர முன்னால என்னை நோயாளியாக்கிப் போட்டீர்."

"அண்ணை, அவை கேட்டவை, நீங்கள் சொன்னனீங்கள்."

"சொல்லாதையும் எண்டும் சொன்னனான். அதையுமெல்லோ சொன்னனீர்."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ தரம் தீவுக்குப் போயிருக்கிறேன். கண்டால் தலையாட்டுவார், கதைக்கமாட்டார். எனக்கு அது பெரிய நோவு. அவரில் எனக்குக் கோபமில்லை. கடனைப் பற்றி அவர் சொன்னது அவருடைய உலகத்தில் முழுக்கச் சரி. அங்கே கடன் தருகிறவருக்கு ஆளைத் தெரியும், ஆளின் மாட்டைத் தெரியும், சேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் தெரியும். வானில் வருகிறவர்களுக்குச் சேட்டு மட்டும்தான் தெரிகிறது.

இதையெல்லாம் கௌசல்யாவிடம் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னேன். இந்த முறை வங்கிக்காரர் செவ்வாய்க்கிழமை பின்னேரப் படகிலேயே போய்த் தீவில் தங்குகிறார்களாம். சவிரிமுத்து அண்ணை மெஷினிலிருந்து இறங்கி வீடு திரும்பும் படகு அது. ஊரை ஏற வேண்டாம் என்று மறித்துவிட்டால் அவரும் காலையில் மெஷினுக்குப் போகமாட்டார். "அவையளிட்ட ஒண்டு கேளும்" என்றேன். "சனத்தோட சனமாப் போக விருப்பமோ எண்டு கேளும். கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லும்." மறுநாள் பதில் வந்தது, விருப்பமாம். அதன் பிறகுதான் நான் நெடுந்தீவுக்கு அழைப்பு எடுத்தேன். ஓய்வு பெற்றாலும் குழாய்ப் பழக்கம் போகவில்லை.

செசிலியா அக்கா எடுத்து, அவரிடம் கொடுத்தா. பின்னால் ஒரு மாடு கத்தியது.

"சுகந்தி கதைக்கிறன், அண்ணை."

அவர் வைத்துவிடுமுன் சொல்லிவிட அவசரப்பட்டேன்.

"செவ்வாய்க்கிழமை படகை விட்டுக் குடுக்காதேங்கோ. விருந்தாளியளுக்கு ஒரு ஆசை. நீங்கள் எல்லாரும் வழமையா எப்பிடிப் போறியளோ, அப்பிடி உங்களோட சேந்து வரவேணுமாம். கேட்டுச் சொன்னவை, நான் சேர்த்துச் சொல்லேல்லை."

"நீர் சேர்த்துச் சொல்லமாட்டீர். அது எனக்குத் தெரியும்" என்றார். கனகாலத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது. "எல்லாரும் ஏறினால் அவையள் எங்க இருக்கிறது?"

"நிண்டுகொண்டு வரட்டும்."

"விருந்தாளியை நிக்க வைச்சுப்போட்டு நான் இருக்கிறதோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் அண்டைக்கு ரத்தம் கழுவிப்போட்டு வாறனீங்கள். நீங்கள்தான் இருக்கவேணும். அதை அவை பாக்கவேணும்."

மாடு திரும்பவும் கத்தியது, அவர் அதை அதட்டினார்.

"அப்ப நீரும் வாரும்" என்றார். "வந்து, அவையளோட நிண்டு பாரும்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் குறிகட்டுவானில் நிற்பேன். படகில் எனக்கு இருக்க இடம் கிடைக்காது என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.